தயிர்ச் சட்டிக்குக் கிடைத்த மரியாதை

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபிஸ். எஸ்டேட்டுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிற சின்னக் கம்பெனி. நான் அங்கே சேர்ந்தபோது ப்ரோக்ராமர்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்கு அதில் ஒரு பெருமை வந்துவிடும். அதைக்கூட நான் அவருக்குத் தரத் தயாரில்லை.

அவர் எதைச் சொன்னாலும் "புரிஞ்சுதா?" என்றுதான் முடிப்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்க மாட்டார். பண்டாரவளையிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண், விவரம் தெரியாமல், "இல்ல சேர், புரியல" என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். அவர் ஸ்வெட்டரின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். யாரையாவது கடிக்கப் போகிறார் என்றால் முதலில் அந்த ஜிப் மேலே போகும்.

"எல்ல டவுன் பக்கம் ஹோட்டல்கள்ல ரூம் கூட்ட ஆள் கேக்குறாங்களாம். போய்ப் பாருங்களேன் தங்கச்சி" என்றார்.

அவள் அந்த மாசம் முடியுமுன் நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் ஆபிஸில் யாருக்கும் எதுவும் புரியாமல் போனதே இல்லை. எல்லாரும் தலையை ஆட்டக் கற்றுக்கொண்டோம்.

அவர் எழுதின ப்ரோக்ராமைத் திறந்து பார்த்தால் தலை சுற்றும். அவருடைய மகளுக்குச் செல்லப் பெயர் குட்டி. ப்ரோக்ராமின் பகுதிகளுக்கெல்லாம் குட்டி1, குட்டி2, குட்டி2புதுசு என்று பெயர் வைத்திருந்தார். எது எந்த வேலையைச் செய்கிறது என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் அடுத்து வருகிறவனுக்காக அங்கங்கே குறிப்பு எழுதி வைப்பது வழக்கம். அவர் அத்தனை ஆயிரம் வரிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு குறிப்புத்தான் எழுதியிருந்தார்: "இதைத் தொடாதே."

"ஏன் தொடக் கூடாதுன்னு எழுதலையே சேர்?" என்று கேட்டேன்.

"தொட்டுப் பாருங்க, தெரியும்" என்றார். ஜிப் மேலே போனது.

எழுதத் தெரியாதவர் என்றால் நான் மன்னித்திருப்பேன். ஆளுக்கு வாய் அப்படி ஒரு வாய். பசறை ரோட்டில் பஸ் டிரைவர் ஒருத்தன் வளைவில் நிறுத்தி, இறங்கி, கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்த கதையை அவர் சொன்னால் அந்த வளைவும் ரொட்டியும் நம் கண்ணுக்குத் தெரியும். கீழே துணிக்கடைக்காரர்கள்கூட மேலே வந்து நின்று கேட்பார்கள். அப்படிப்பட்டவருக்கு, ஒரு கட்டளை என்ன செய்கிறது என்று நாலு சொல்லில் எழுத வராதா? வரும். எழுதினால் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும் என்பதுதான் அவருடைய கஷ்டம்.

ஒருமுறை குடும்பத்தோடு கதிர்காமம் போனார். போனை நிறுத்திவிட்டுப் போனார். அந்த வாரம் ஒரு ஹோட்டலுக்கு எழுதிக் கொடுத்த மென்பொருள் படுத்துக்கொண்டது. எங்களுக்கு எந்தக் குட்டி எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. முதலாளி பாவம், ஹோட்டல்காரனிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, சாமி தரிசனம் முடிந்து இவர் வரட்டும் என்று காத்திருந்தார். இவர் நெற்றியில் திருநீறோடு வந்து உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் தட்டினார், எழுந்தார். "நான் இல்லாட்டி என்ன செய்வீங்க?" என்று சிரித்தார். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் அப்படி எழுதினார் என்பது அன்று எனக்குத் தெரிந்தது. வல்லான் வகுத்ததே வாய்க்கால்.

இப்போது அந்தத் தயிர்ச் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதியச் சோற்றுக்கு அவருக்கு எருமைத் தயிர் வேண்டும். மண் சட்டியோடு வாங்கி ஆபிஸ் ப்ரிட்ஜில் வைத்திருப்பார். ஒரு நாள் யாரோ அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். அடுத்த பத்தாவது நிமிசம் ப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. தமிழில் எழுதி, கீழே அதையே சிங்களத்திலும் எழுதியிருந்தார்.

"இந்த ப்ரிட்ஜில் மேல்தட்டில் இருந்த தயிர்ச் சட்டி என்னுடையது. அதை எடுத்தவர் இன்று மூன்று மணிக்குள் பஸ் ஸ்டாண்டுக் கடையில் புதுச் சட்டி வாங்கி இதே தட்டில் வைக்கவும். வைக்காவிட்டால் நாளை முதல் ப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போடப்படும்."

நான் அதை ப்ரிட்ஜுக்கு முன்னால் நின்று இரண்டு தடவை வாசித்தேன். என்ன நடந்தது, யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எங்கே, எத்தனை மணிக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும். ஒரு சொல் அதிகமில்லை, ஒரு சொல் குறைவில்லை. மூன்று மணிக்கு முன்னாலேயே புதுச் சட்டி வந்துவிட்டது.

அந்த வருசம்தான் எங்களுக்கு மழை எச்சரிக்கை வேலை வந்தது. ஒரு உதவி நிறுவனம் பணம் போட்டது. எஸ்டேட்டுகளில் மழைமானி வைப்பார்கள். மழை ஓர் அளவுக்கு மேல் போனால் மண் சரியும் இடத்தில், தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கிற லயங்களில் எல்லாருடைய போனுக்கும் எங்கள் ப்ரோக்ராம் மெசேஜ் அனுப்ப வேண்டும். முதலில் தேர்ந்தெடுத்த எஸ்டேட்டுகளில் ஒன்று நமுனுகுலப் பக்கம் இருக்கிற எங்கள் எஸ்டேட். அம்மா மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பிறகு என்னைச் சோறு போட்டு வளர்த்த சித்தி அங்கேதான், பணிய லயத்தில், மலைச் சரிவுக்குக் கீழே இருந்தார். பணிய லயம் என்றால் பள்ளத்தில் இருக்கிற லயம். சித்தி தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர். கை வேகத்துக்குப் பெயர் போனவர்.

அனுப்ப வேண்டிய மெசேஜை எங்கள் தலைவர்தான் எழுதினார். இப்படி: "நிலை 2. நோட் 07. வரம்பு மீறப்பட்டது. பிரிவு எல்.டி."

நோட் என்றால் மழைமானி, 07 அதன் நம்பர். எஸ்டேட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பெயர். வரைபடத்தில் வெள்ளைக்காரன் வைத்தது ஒன்று, எங்கள் ஆட்கள் வைத்தது ஒன்று. எல்.டி. என்றால் அந்த எஸ்டேட் ஆபிஸில் இருக்கிற ஒரு கிளாக்கருக்குத் தெரியும். லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் அது எங்கள் பணிய லயம் என்று தெரிந்தது.

"சேர், எங்க ஆளுங்களுக்கு இது வெளங்காதுங்க. பணிய லயம்னு போடணும். எங்க போகணும்னும் சொல்லணும்" என்றேன்.

"தங்கச்சி, நம்ம வேலை சிஸ்டத்தை ஓட வைக்கிறது. கதை எழுதுறது இல்ல. புரிஞ்சுதா?"

"மூணு வரி சேர். நானே எழுதித் தாறேன்."

"குட்டி2 இருக்கிற இடத்துல நீங்க கை வைக்காதீங்க" என்றார்.

நான் முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். அவர், "அவருக்குத்தானே எல்லாம் தெரியும், பிள்ளை" என்றார்.

ஐப்பசி மழை. பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். மழைக்காக வேலையை நிறுத்தி ஆட்களை லயத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ப்ரோக்ராம் சரியான நேரத்தில் மெசேஜை அனுப்பியது. லயத்தில் எல்லாருடைய போனும் ஒன்றாகக் கத்தியது. சித்தி எடுத்துப் பார்த்தார். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற வேலு மாமாவும் எடுத்துப் பார்த்தார். போன் கம்பெனிக்காரன் அனுப்புகிற நம்பர் மெசேஜ் என்று நினைத்து இரண்டு பேரும் அழித்துவிட்டார்கள். சித்தி குசினிக்குப் போய் அடுப்பு மூட்டினார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கச் சரிவு வந்து குசினிச் சுவரைத் தள்ளியது.

சித்தியை உயிரோடு எடுத்தார்கள். வலது கை சுவருக்குக் கீழே கிடந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றினார்கள். ஆனால் விரல்கள் மடங்கவில்லை. கொழுந்துக்கு இரண்டு கையும் வேண்டும்.

நான் லீவு முடிந்து வந்த அன்று ஆபிஸில் கூட்டம். உதவி நிறுவனத்துப் பெண் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். எங்கள் தலைவர் எழுந்து நின்று, திரையில் ஒரு பச்சைக் கோட்டைக் காட்டினார்.

"சிஸ்டம் நூறு வீதம் வேலை செஞ்சிருக்கு. மழை அளவு தாண்டின உடனே மெசேஜ் போயிருக்கு. எல்லாப் போனுக்கும் கெடச்சிருக்கு. வாசிக்கிறது அவங்க வேலை."

என் சித்தியின் கை எனக்கு முன்னால் இருந்த மேசைமேல் கிடப்பது போல் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ப்ரிட்ஜ் கதவுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு தயிர்ச் சட்டிக்குக் கிடைத்த மரியாதை எங்கள் லயத்துக்குக் கிடைக்கவில்லை. இந்த ஆளை நான் சும்மா விடப் போவதில்லை என்று அங்கேயே, அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தேன். அதை இன்றைக்கும் நான் பிழையாக நினைக்கவில்லை.

கத்தவில்லை. வேலையை விடவும் இல்லை. எழுத ஆரம்பித்தேன்.

மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் அவருடைய ப்ரோக்ராமை வரி வரியாக வாசித்தேன். ஒவ்வொரு குட்டியும் என்ன செய்கிறாள், எங்கிருந்து எதை எடுக்கிறாள், யாருக்குக் கொடுக்கிறாள், அவள் படுத்துக்கொண்டால் எப்படி எழுப்புவது என்று எழுதினேன். கம்ப்யூட்டர் படித்த யாரும் முதல் நாளே வாசித்து வேலை செய்கிற மாதிரி எழுதினேன். நீளமான வாக்கியம் வந்தால் உடைத்தேன். "சில சமயம்" என்று வந்தால் எந்தச் சமயம் என்று தேடிப் போட்டேன். ஒரு வரி தெளிவாக வரவில்லை என்றால் எனக்கே அது விளங்கவில்லை என்று அர்த்தம். திரும்ப ப்ரோக்ராமுக்குள் போவேன். அன்பு இருந்தால்தான் இப்படிப் பொறுமை வரும் என்று சொல்வார்கள். எனக்கு வன்மத்தில் வந்தது.

அந்த "இதைத் தொடாதே"யையும் ஒரு நாள் தொட்டேன். உள்ளே ஒன்றுமே இல்லை. முன்னொரு காலத்தில் யாருக்கோ காட்டுவதற்காக எழுதி, பிறகு மறந்துபோன நாலு வரி. எந்த வேலையும் செய்யாது. இத்தனை நாளாக நாங்கள் எல்லாரும் பயந்து விலகிப் போனது வெறும் கல்லைப் பார்த்து. நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். துணிக்கடையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

மாசிக்குப் பிறகு உதவி நிறுவனம் எங்கள் எஸ்டேட்டில் ஓர் ஒத்திகை நடத்த வேண்டும் என்றது. மெசேஜ் அனுப்பி, ஆட்கள் வெளியேறுகிறார்களா என்று பார்க்க வேண்டும். நான் முதலாளியிடம், "சிஸ்டத்தைச் செஞ்சவரே வந்து ஆளுங்களுக்கு வெளக்கட்டும். அதுதான் மரியாதை" என்றேன். எங்கள் தலைவருக்கும் அது பிடித்திருந்தது. மாலை மரியாதை கிடைக்கும் என்று நினைத்தார்.

முதல் நாளே போய்ச் சித்தியிடம் சொன்னேன். "நாளைக்கு ஒருத்தர் வருவாரு. அவரு பேசி முடிச்சதும் நீங்க ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

"என்னா கேக்கணும்?"

சொன்னேன். சித்தி மடங்காத கையைப் பார்த்துக்கொண்டே, "அவ்வளவுதானா? கேக்குறேன்" என்றார்.

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற புள்ளக் காம்பராவுக்கு முன்னால் எல்லாரும் கூடியிருந்தார்கள். பால்குடிப் பிள்ளைகளைக்கூட ஏணைத் தொட்டிலில் விடாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் ஸ்வெட்டரோடு வந்து நின்றார். அந்த எஸ்டேட்டுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. முதலாளியும் அந்தப் பெண் அதிகாரியும் நாற்காலியில் இருந்தார்கள். எல்லாப் போனும் ஒன்றாகக் கத்தியது. நான், "சேர், மெசேஜைச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க" என்றேன்.

அவர் வாசித்தார். "நிலை இரண்டு. நோட் ஏழு. வரம்பு மீறப்பட்டது. பிரிவு எல்.டி." பிறகு வழக்கம் போல, "புரிஞ்சுதா?" என்றார்.

சித்தி எழுந்து நின்றார். "சரிங்க தொர. இப்ப நான் எங்குட்டு ஓடணும்?"

"அதாவதும்மா, நிலை ரெண்டுன்னா மழை வந்து..."

"மழ எனக்குத் தெரியுதுங்க. எங்குட்டு ஓடணும்?"

"நோட் ஏழுங்கிறது உங்க..."

"எங்குட்டுங்க?" என்றார் வேலு மாமா. பின்னாலிருந்து இன்னும் நாலு பேர் கேட்டார்கள். கூட்டம் முழுவதும் அதையே கேட்டது. அவர் கை ஜிப்புக்குப் போனது. அது ஏற்கெனவே கழுத்துவரை போட்டிருந்தது. அவர் சுற்றிப் பார்த்தார். லயத்துக்குப் பின்னால் மேலே போகிற ரோட்டைப் பார்த்தார். உயரமான இடம் பாதுகாப்பானது என்று நினைத்திருக்க வேண்டும்.

"மேல போங்க. அந்த மேல் ரோட்டுக்கு" என்று கையைக் காட்டினார்.

அவர் காட்டிய இடத்திலிருந்துதான் மண் வந்தது. அங்கே புல்கூட இன்னும் முளைக்கவில்லை. சிவப்பாகக் கிடந்தது.

ஒரு பெண் தன் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். சித்தி வலது கையை நீட்டி, "அங்கயாங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்தது எனக்குப் போதும். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு திருப்தியாக வேறு எதையும் பார்த்ததில்லை.

திரும்பி வரும் வழியில் வேனில் முதலாளி என்னிடம், "இவரு இல்லாம உன்னால இதை ஓட்ட முடியுமா?" என்று கேட்டார். இவர் முன் சீட்டில் இருந்தார். காது கேட்கும்.

"எல்லாம் எழுதி வச்சிருக்கேன் சேர். என்னால மட்டும் இல்ல, யாராலயும் முடியும்" என்றேன்.

அவர் அந்தக் கிழமையே ராஜினாமா கொடுத்தார். நாங்கள் கெஞ்சிக்கொண்டு வருவோம் என்று நினைத்தார். கதிர்காமத்துக்குப் போனபோது நிறுத்தி வைத்த போனை இந்தத் தடவை இரவும் பகலும் திறந்து வைத்திருந்தாராம். அவருடைய மச்சான் சொன்னான். யாரும் கூப்பிடவில்லை. தேவைப்படவில்லை.

புது மெசேஜை நான் எழுதினேன். ப்ரிட்ஜ் கதவை மனசில் வைத்துக்கொண்டு எழுதினேன். அந்த ஆளிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரே நல்ல காரியம் அதுதான்.

"பணிய லயத்தில் இருக்கிற எல்லாரும் இப்போதே வெளியே வாங்க. பின்பக்கம் மண் சரியலாம். குசினிக்குப் போக வேண்டாம். மேல் ரோட்டுக்குப் போக வேண்டாம். முன்பக்கமா நடந்து பெரட்டுக் களத்துக்கு வாங்க. புரிந்தால் 1 என்று பதில் அனுப்புங்க."

பெரட்டுக் களம் என்பது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற இடம். எங்கள் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டும் அங்கே போவார்கள். பதில் வராத போனுக்கு மெசேஜ் திரும்பத் திரும்பப் போகும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் பதிலுக்கு நிற்க வேண்டும். ப்ரோக்ராமை அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

பிறகு கொஸ்லந்தப் பக்கம் போனோம். எல்லப் பக்கமும் போனோம். எல்லயில் சரிவுகளில் ரூம் கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர்களும் பதிவு செய்துகொண்டார்கள். அந்தப் பதிவுகளைச் சரிபார்த்தபோது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நம்பர் வந்தது. அவர்தான். ஒரு சரிவுக்குக் கீழே மூன்று ரூம் கட்டி விட்டிருந்தார். ரூம் கூட்டுகிற வேலை. பண்டாரவளைப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் வெகு நேரம் சிரித்தாள்.

மாசத்துக்கு ஒரு தடவை ஒத்திகை மெசேஜ் போகும். ஒவ்வொரு மாசமும் நான் அவருடைய நம்பரைத் தேடிப் பார்ப்பேன். 1 என்று பதில் வந்திருக்கும். என் வாக்கியத்தை வாசித்து, புரிந்தது என்று அவர் எனக்குச் சொல்லியாக வேண்டும். அதை விட்டால் சித்தியின் கைக்கு நான் வேறு எதை வாங்கிக் கொடுக்க முடியும்?

போன ஐப்பசியில் எல்லயில் நிஜமாகவே மழை அளவைத் தாண்டியது. பகல். ரூமை விட்டு மைதானத்துக்கு வரச் சொல்லி மெசேஜ் போனது. ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்தில் 1 விழுந்துகொண்டே வந்தது. அவருடையது மட்டும் விழவில்லை. இரண்டாவது தடவை போனது. விழவில்லை. நான் நாற்காலியைத் திரைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டேன். இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். செத்துப்போனவன் எப்படி என் வாக்கியத்தை வாசிப்பான்? "வாசியுங்க சேர், வாசியுங்க" என்று வாய்விட்டே சொன்னேன். மூன்றாவது தடவைக்கு 1 வந்தது.

அவருடைய மூன்று ரூமில் இரண்டு மண்ணுக்குள் போயிற்று. உள்ளே ஆள் இல்லை.

மறுநாள் என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. "நான், மனைவி, மகள், ரூமில் இருந்த நாலு பேர், எல்லாரும் நீங்கள் சொன்ன மைதானத்துக்கு நடந்து வந்தோம். யாருக்கும் காயம் இல்லை. இந்த மெசேஜை எழுதியது தங்கச்சியா?"

யார், எங்கே, எப்படி, என்ன ஆயிற்று. தயிர்ச் சட்டிக்குப் பிறகு அந்த ஆள் எழுதின இரண்டாவது நல்ல எழுத்து. அதைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். சித்தி இடது கையால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினார்.

நான் பதில் எழுதினேன். "ஆமாம். புரிஞ்சுதா சேர்?"

வாசித்துவிட்டார் என்று போன் காட்டியது. எழுதுகிறார் என்று காட்டியது. நிறுத்தினார். திரும்ப எழுதினார். நான் போனைக் கீழே வைக்காமல் காத்திருந்தேன்.

"1" என்று வந்தது.